சுப்பீரியர் ஏரி நடுவில் ஐல் ராயல் தீவு: உள் ஏரிகள், மூஸ், ஓநாய். போனவங்க சொல்லுங்க

வாணியாறு (பாப்பிரெட்டிப்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, வேலை இப்போ சிகாகோவில். வர்ற ஆகஸ்டில் நானும் கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரும் ஐல் ராயல் தீவுக்குப் போகலாம்னு பேசிட்டிருக்கோம். சுப்பீரியர் ஏரிக்குள்ள, கனடா எல்லையை ஒட்டி இருக்கிற தீவு. அந்தத் தீவுக்குள்ளேயே மறுபடி நிறைய ஏரிகள். ஓநாயும் மூஸ் மானும் அங்கே தனியா அடைபட்டு வாழுதுன்னு படிச்சதிலிருந்து மனசு அங்கேயே நிக்குது.

மலை நடை ஓரளவு பழக்கம். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் ஏறி வளர்ந்தவன் நான். ஆனா கடை, ரோடு எதுவும் இல்லாத இடத்தில் முதுகில் சுமையோட பல நாள் நடந்ததில்லை. உள் ஏரிகளுக்கு நடந்தே போயிடலாமா, படகு வேணுமா? ஓநாய் கண்ணில் படுமா? நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது போயிருந்தா விவரமா எழுதுங்க.

சூளகிரியான் (சூளகிரி, இப்போது டெட்ராய்ட்)

தம்பி, வாங்க. ஒரு கோடையில் குடும்பத்தோட போய் வந்திருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அளவு புரியணும். சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்தையும் சேர்த்தாலும் அதுக்கு எட்டு மடங்குக்கு மேல். அதுக்குள்ள ஐல் ராயல் சுமார் 72 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர். நிர்வாகம் மிச்சிகன் மாநிலத்தோடது, ஆனா கரையளவில் மின்னசோட்டாவும் கனடாவின் ஒன்டாரியோவும்தான் கிட்டே. 1940இல் தேசியப் பூங்கா ஆச்சு. தீவில் காரே கிடையாது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் நடு வரைக்கும் பூங்காவையே மூடிடுவாங்க.

சிகாகோவிலிருந்து வர்றவங்களுக்கு ஹூட்டன் அல்லது காப்பர் ஹார்பர் வசதி. ஹூட்டனிலிருந்து கிளம்புற 'ரேஞ்சர் 3' கப்பல் ஆறு மணி நேரம் எடுக்கும். காப்பர் ஹார்பர் படகு மூணரை மணி நேரத்தில் சேர்ந்துடும், ஆனா காற்று அடிச்சா ரொம்ப ஆடும். மின்னசோட்டா பக்கம் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து வர்ற 'வாயேஜர் 2' தீவைச் சுற்றி வந்து நடுநடுவே ஆளை இறக்கி ஏத்தும். கடல் விமானமும் உண்டு. அதில் அடுப்பு எரிபொருளை ஏத்த விட மாட்டாங்க, தீவில் இறங்கித்தான் வாங்கணும்.

தீவின் முதுகெலும்பு மாதிரி கிரீன்ஸ்டோன் மேட்டுப் பாதை, சுமார் 64 கிலோமீட்டர். வடகிழக்கு முனையில் ராக் ஹார்பர், தென்மேற்கு முனையில் விண்டிகோ. அந்தப் பாதையிலேயே சிக்கன்போன் ஏரி, ஹேட்செட் ஏரி, டெசோர் ஏரி எல்லாம் வரும், எல்லாத்துக்கும் பக்கத்தில் முகாம் இடம் இருக்கு. முதல் தடவைன்னா முழுப் பாதையும் போட வேண்டாம். ராக் ஹார்பரிலிருந்து மாஸ்கி பேசின், அங்கேயிருந்து ரிச்சி ஏரி, சிக்கன்போன் ஏரி, பிறகு கிரீன்ஸ்டோன் ஏறி ஓஜிப்வே மலை வழியா திரும்புங்க. அந்த மலை மேல பழைய தீக் கண்காணிப்புக் கோபுரம் இருக்கு, ரெண்டு பக்கமும் தண்ணி தெரியும்.

கேனோ படகை எடுத்துட்டுப் போனா உள் ஏரிகளுக்குள்ள இறங்கலாம். ஆனா ஒரு ஏரியிலிருந்து இன்னொண்ணுக்குப் படகைத் தோளில் தூக்கிட்டு மேடு ஏறி இறங்கணும். உங்க மூணு பேருக்கும் பழக்கம் இல்லைன்னா இந்தத் தடவை வேண்டாம்.

ஓநாயைப் பார்க்கிறது அபூர்வம். பாதையில் கால்தடம், எச்சம் பார்ப்பீங்க. மூஸ் கட்டாயம் பார்ப்பீங்க. ஆண் மூஸ் நானூறு கிலோவுக்கு மேல் வரும். குட்டியோட நிக்கிற தாய் மூஸ்கிட்ட மட்டும் போயிடாதீங்க. காதைப் பின்னால மடிச்சா உடனே பெரிய மரத்துக்குப் பின்னால ஒதுங்கிடுங்க. ராத்திரி செருப்பு, ஷூவைக் கூடாரத்துக்கு வெளியே வைக்காதீங்க, நரி தூக்கிட்டுப் போயிடும்.

ஏரிக்கரை (காவேரிப்பட்டணம்)

சூளகிரியார் எழுதியது அருமை. ஏரிகளைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். தீவுக்கு நான் போனதில்லை. நிலவியல் படித்தவன், அந்தத் தீவின் வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மலைமேடுகள், பள்ளங்கள், ஏரிகள், கடற்கால் போன்ற நீண்ட குடாக்கள் எல்லாமே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரே திசையில் கோடு கிழித்தது போல் கிடக்கும். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தது. பிறகு நடுப்பகுதி பாரத்தால் அமிழ்ந்தது, அடுக்குகள் சாய்ந்தன. அந்தப் பள்ளம்தான் இன்றைய சுப்பீரியர் ஏரியின் அடிவாரம். ஐல் ராயலில் தலைநீட்டும் அதே பாறை அடுக்கு ஏரிக்கு அடியில் போய், எதிர்க்கரையில் கீவினா தீபகற்பத்தில் மறுபடி மேலே வருகிறது. வாணியாறு தம்பி கப்பல் ஏறும் ஹூட்டன் அந்தத் தீபகற்பத்தில்தான் இருக்கிறது. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒரே பாறையைத்தான் மிதிக்கப் போகிறார்.

பின்னால் வந்த பனிப்பாறைகள் மெத்தென்ற அடுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டன, கெட்டியானவை மேடாக நின்றன. பனி விலகி ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சுரண்டிய குழிகளில் நின்ற தண்ணீர்தான் இந்த உள் ஏரிகள். இவற்றில் பெரியது சிஸ்கிவிட். சுப்பீரியரின் மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறது. அதற்குள் ரயான் தீவு என்று ஒரு சின்னத் தீவு. உலகில் பரப்பால் மிகப் பெரிய நன்னீர் ஏரி சுப்பீரியர், அதன் மிகப் பெரிய தீவு ஐல் ராயல், அதன் மிகப் பெரிய ஏரி சிஸ்கிவிட், அதன் மிகப் பெரிய தீவு ரயான். படிக்கும்போதே தலை சுற்றும்.

நம் பக்கத்து ஏரி ஒவ்வொன்றும் மனிதக் கை பட்டது. கரை கட்டி, மதகு வைத்து, கோடி (உபரி நீர் வழியும் இடம்) விட்டு, ஒன்றின் கோடித் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி பெரியவர்கள் அமைத்தார்கள். பாரூர் பெரிய ஏரிக்கு நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வருவதை நினைத்துப் பாருங்கள். ஐல் ராயலில் ஏரிகளைக் கோத்துவிட யாரும் இல்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரி, அந்தப் பக்கம் ஓர் ஏரி, நடுவே சம்பந்தம் கிடையாது. அதனால் மீன்கூட ஏரிக்கு ஏரி வேறுபடும்.

பாறையின் வயதில் நாம் மூத்தவர்கள். கிருஷ்ணகிரி மலைப் பாறைக்கு 250 கோடி ஆண்டு இருக்கும்.

வாணியாறு

சூளகிரி அண்ணா, ஏரிக்கரை ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. மாஸ்கி பேசின், ரிச்சி ஏரி வழியைக் குறிச்சுக்கிட்டேன். சிஸ்கிவிட்டைப் பார்க்காம வர மனசு வராது போல இருக்கு. உள் ஏரித் தண்ணியை அப்படியே குடிக்கலாமா? மீன் பிடிக்க விடுவாங்களா?

சூளகிரியான்

தண்ணி விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா ஓநாய் குடலில் வாழுற ஒரு நாடாப்புழுவோட முட்டை அந்தத் தண்ணியில் இருக்கலாம். ஓநாய் எச்சத்திலிருந்து முட்டை வரும், மூஸ் அதைத் தின்னா நுரையீரலில் கட்டியா வளரும், அந்த மூஸை ஓநாய் தின்னா மறுபடி சுற்று ஆரம்பம். மனுசன் உடம்பில் போனாலும் கட்டி வரும். நல்லாக் கொதிக்க வைங்க, இல்லைன்னா நுண்துளை ஃபில்டரில் வடிகட்டுங்க. மாத்திரை போட்டா மட்டும் அந்த முட்டை சாகாது.

இன்னொண்ணு, சில வருஷம் கோடைக் கடைசியில் உள் ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி படரும். அது வந்த ஏரித் தண்ணியைக் கொதிக்க வெச்சாலும் வடிகட்டினாலும் பிரயோஜனம் இல்லை, நஞ்சு அப்படியே இருக்கும். இறங்கின உடனே ரேஞ்சர்கிட்ட எந்த ஏரிக்கு எச்சரிக்கை இருக்குன்னு கேட்டுக்கோங்க.

சிஸ்கிவிட்டுக்கு மாலோன் பே முகாமிலிருந்து நடந்தா கொஞ்ச தூரம்தான். வாயேஜர் படகு அங்கே நிக்கும்.

நீர்நாய் (ஒகேனக்கல்)

மீன் பத்தி நான் சொல்றேன். மிச்சிகனில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்காரரோட போய்த் தூண்டில் போட்டிருக்கேன். உள் ஏரிகளில் பிடிக்க மாநில லைசென்ஸ் தேவையில்லை. சுப்பீரியர் கரையில் பிடிச்சா தேவை. உள் ஏரிகளில் புழு, குட்டிமீன் எதையும் இரையாக் கோக்கக் கூடாது, செயற்கை இரை மட்டும்தான். வெளியே இருந்து நோயோ வேற உயிரோ உள்ளே வந்துடக்கூடாதுன்னு இந்தக் கட்டுப்பாடு. காரணம் தெரிஞ்சா மனசார ஒத்துக்குவோம்.

நார்தர்ன் பைக்னு ஒரு மீன் நிறைய ஏரியில் இருக்கு. ஈட்டி மாதிரி உடம்பு, வாய் நிறைய பல். தண்ணிப்பூண்டுக்குள்ள அசையாம நின்னு ஒரே பாய்ச்சலா வரும். சிஸ்கிவிட்டில் லேக் டிரவுட் மீன் கிடைக்கும்.

ஆனா தம்பி, தூண்டிலை மறந்துட்டுக் கேட்க வேண்டியது லூன் பறவையோட குரலை. கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, சிவப்புக் கண். காலு உடம்போட கடைசியில் இருக்கிறதால தரையில் சரியா நடக்க வராது, அதனால கூடு தண்ணி ஓரத்திலேயே இருக்கும். பக்கத்தில் படகு போனா பயந்து இறங்கிடும், முட்டை ஆறிப்போகும். தூரமாவே நில்லுங்க. விடியக்காலை ஒரு ஏரியில் ஒண்ணு கூப்பிடும், மேட்டுக்கு அந்தப் பக்க ஏரியிலிருந்து இன்னொண்ணு பதில் கொடுக்கும். நம்ம காவிரியில் நீர்நாய்க் கூட்டம் சீழ்க்கை அடிச்சுக்கிட்டே பாறைக்குப் பாறை தாவுறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுக்கு அப்புறம் என்னை அசைய விடாம நிக்க வெச்சது அந்தக் குரல்தான்.

விலங்கியல் ஆசிரியை (தருமபுரி)

வாணியாறு, ஓநாயும் மூஸும் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கதையைப் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

மூஸ் அந்தத் தீவுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நீந்தி வந்திருக்கலாம். தின்ன மரம் உண்டு, தின்ன வரும் பகை இல்லை. பெருகியது, காட்டை மொட்டையடித்தது, பட்டினியில் கூட்டமாகச் செத்தது. 1940களின் இறுதியில் ஒரு குளிர்காலத்தில் ஏரி உறைந்தபோது ஒன்டாரியோ பக்கமிருந்து ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்து சேர்ந்தன. தீவில் கரடி கிடையாது, வேறு மான் கிடையாது. ஒரு வேட்டையாடி, அதற்கு ஒரே பெரிய இரை. 1958இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் ஆய்வைத் தொடங்கினார். பின்னால் ரால்ஃப் பீட்டர்சன் பொறுப்பேற்றார், இன்று மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஒவ்வொரு ஜனவரி, பிப்ரவரியிலும் சிறு விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். வேட்டையாடியும் இரையும் பற்றி உலகிலேயே மிக நீண்ட காலமாக நடக்கும் ஆய்வு இது.

எங்கள் பாடப்புத்தகப் படத்தில் இரை ஏறினால் வேட்டையாடி ஏறும், இரை இறங்கினால் அதுவும் இறங்கும், அலைபோல் அழகாகப் போகும். தீவில் நடந்தது வேறு. 1980இல் ஓநாய்கள் 50. இரண்டே ஆண்டில் 14. யாரோ சட்டத்தை மீறிக் கூட்டிவந்த வீட்டு நாயிடமிருந்து பார்வோ வைரஸ் தொற்றியது என்று கருதுகிறார்கள். இன்றைக்கும் அங்கே செல்ல நாயைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஓநாய் குறைந்ததால் மூஸ் 1990களின் நடுவில் 2,400 வரை ஏறி, 1996இன் கடுங்குளிரிலும் உண்ணித் தொல்லையிலும் சில நூறாகச் சரிந்தது.

இனி நான் வகுப்பில் குரல் தாழ்த்திச் சொல்லும் பகுதி. 1997இல் ஓர் ஆண் ஓநாய் தனியாகப் பனிமேல் நடந்து தீவுக்கு வந்தது. ஆய்வாளர்கள் அதைக் 'கிழட்டுச் சாம்பல்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். தீவின் ஓநாய்கள் எல்லாம் அதற்குள் நெருங்கிய சொந்தம், முதுகெலும்பில் பிறவிக் கோளாறு பரவிக் கிடந்தது. வந்தவன் புது ரத்தம் கொண்டுவந்தான். குட்டிகள் திடமாகப் பிறந்தன. ஆனால் சில தலைமுறைக்குள் தீவின் ஓநாய்கள் அத்தனையும் அவன் வழியில் வந்தவையாக ஆகி, மறுபடி அப்பன் மகள் உறவிலேயே இனம் பெருக வேண்டிய நிலை. 2012இல் மூன்று ஓநாய்கள் பழைய செப்புச் சுரங்கக் குழியில் விழுந்து இறந்து கிடந்தன. 2016இல் மிஞ்சியவை இரண்டு. அவையும் அப்பனும் மகளும், ஒரே தாய் வயிற்றில் பிறந்த உடன்பிறப்பும்கூட. பிழைக்கும் குட்டி பிறக்கவில்லை.

இன்னொரு ஓநாய் நடந்து வரலாமே என்றால், பனிப்பாலம் வேண்டும். 1960களில் பெரும்பாலான குளிர்காலங்களில் ஏரி கரை வரை உறைந்தது. இப்போது பத்து ஆண்டில் ஒன்றிரண்டு முறை நடந்தால் உண்டு. வழி அடைபட்டுப்போனது. 2018, 2019இல் மின்னசோட்டா, ஒன்டாரியோ, மிச்சிகன் பகுதிகளிலிருந்து 19 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். 2024 கணக்கில் ஓநாய்கள் 30, மூஸ் ஏறக்குறைய 840.

தீர்த்தமலை (அரூர்)

டீச்சர், அருமையான விளக்கம். ஆனா ஒரு விஷயத்தில் எனக்கு மாறுபட்ட கருத்து. அந்தத் தீவைக் காட்டுக்கே விட்ட இடம்னு 1976லேயே சட்டம் போட்டாங்க. அப்படின்னா ஓநாய் அழிஞ்சா அழியட்டும், மூஸ் பெருகினா பெருகட்டும்னு விடணும். ஓநாய் வர்றதுக்கு முன்னாடி அங்கே கேரிபூ மான் இருந்துச்சு, லிங்க்ஸ்னு காட்டுப்பூனை இருந்துச்சு, நரி மாதிரி கொயோட்டி இருந்துச்சு. எல்லாம் போச்சு. தீவுன்னா வரும், போகும். ஒண்ணை மட்டும் பிடிச்சு வெச்சுக்க ஹெலிகாப்டரில் ஓநாயை இறக்குறது மிருகக்காட்சி சாலை நடத்துற மாதிரி ஆகாதா?

விலங்கியல் ஆசிரியை

தீர்த்தமலை, உங்கள் கேள்வியை அங்கேயே பெரிய ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். பல ஆண்டு விவாதித்த பிறகுதான் முடிவெடுத்தார்கள். கையை எடுத்துவிட்டால் தானாக நடக்கும் என்பது மனிதக் கை படாத இடத்துக்குப் பொருந்தும். நோய் மனிதனோடு வந்த நாயிடமிருந்து. பனி உறையாதது உலகம் சூடானதால். ஓநாய்கள் விழுந்த குழி மனிதன் தோண்டியது. வழியை அடைத்தவர்கள் நாம் என்றால் ஒதுங்கி நிற்பதும் நாம் எடுத்த முடிவுதான்.

காட்டைப் பாருங்கள். ஓநாய் கிட்டத்தட்ட இல்லாமல் போன ஆண்டுகளில் மூஸ் 2,000ஐத் தாண்டியது. குளிர்காலத்தில் அவை பால்சம் ஃபிர் மரக்கன்றைத் தின்னும். மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணிப் பார்த்தபோது, ஓநாய் அதிகமிருந்த காலத்தில் கன்று வளர்ந்ததும் குறைந்த காலத்தில் குன்றியதும் தெரிந்தது. பீவர் என்ற விலங்கு அணைகட்டும் குட்டைகளும் இந்தக் கணக்கில் சேரும், ஏனென்றால் கோடையில் ஓநாய் பீவரையும் தின்னும். ஓநாய் இல்லாத தீவில் ஏரிக்கரைகூட வேறு மாதிரி இருக்கும்.

மற்றொன்று, உங்கள் கருத்துக்கு வலு சேர்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்த ஓநாய்களில் ஒன்று 2019 ஜனவரியில் ஏரி உறைந்ததும் நடந்து திரும்பிப் போய்விட்டது. பனிப்பாலம் இருந்தால் வருவதும் போவதும் அவை முடிவு செய்யும் காரியம்.

தளி மழை (தளி)

இவ்வளவு நேரம் படிச்சிட்டே இருந்தேன். பனிப்பாலம்னு டீச்சர் எழுதினதும் எழுதாம இருக்க முடியலை. நான் ஓசூர்ப் பக்கம் யானை வழித்தடத்தைக் கவனிக்கிற நண்பர்களோட சுத்துறவன்.

நம்ம மாவட்டத்திலேயே இது நடந்திருக்கு. 1980களில் நம்ம ஓசூர், தருமபுரிக் காட்டு யானைகள் கொஞ்சம் கிழக்கே நடந்து ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குள்ள போச்சு. அங்கே ஏறக்குறைய 200 வருஷமா காட்டு யானையே கிடையாது. போனது அங்கேயே தங்கி குட்டி போட்டுப் பெருகிச்சு. அதுக்காகவே 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிச்சாங்க. நம்ம காட்டு யானை, ஒரு மாநிலம் தாண்டிப் போய் ஒரு காட்டுக்கே யானை கொடுத்திருக்கு. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லலை.

இன்னிக்கு அதே மாதிரி ஒரு கூட்டம் கிளம்பினா போய்ச் சேருமா? வருஷா வருஷம் மழை முடிஞ்சு ராகி முத்துற நேரத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியா இறங்குது. அதில் ஒரு பகுதி சானமாவு காட்டுக்கு வரும். சானமாவை மேப்பில் பாருங்க. ஒரு பக்கம் பெங்களூரு கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை, சுத்தி ஊர், பேட்டை, கம்பெனி, லேஅவுட். பேரண்டப்பள்ளி பக்கம் ராத்திரி லாரிகளை நிறுத்தி யானையைக் கடக்க விடுறதை ஓசூர்க்காரங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. சுத்தித் தண்ணிக்குப் பதிலா கட்டடம் இருக்கிற தீவு அது.

2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்குன்னு ரெண்டு சரணாலயம் வந்திருக்கு. அதால அந்தப் பக்கம் காவிரியை ஒட்டின காடு சேர்ந்து நிக்குது, நான் மனசார நம்புற நல்ல காரியம். எனக்குப் பயம் சானமாவுப் பக்கம் நீளுற இந்த வடகிழக்கு வால் மேலதான்.

அஞ்செட்டி மண் (அஞ்செட்டி)

எல்லாம் சரி அண்ணா. தீவு, வழித்தடம் எல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டில் ரெண்டு ஏக்கர் ராகி, நடுவுல அவரை, துவரை. மேட்டு நிலத்துல கல்லக்கா. கதிர் முத்துற நேரம் எங்கப்பாவும் அண்ணனும் பரண் மேல தான் தூங்குவாங்க. தூங்குறதுன்னு சொல்லக்கூடாது, உட்காருவாங்க. ஒரு ராத்திரி ஒரு கூட்டம் வந்தா வருஷ சாப்பாடு போச்சு. அது தின்னுறதை விட மிதிக்கிறது அதிகம்.

நஷ்டஈடு உண்டு. மனு எழுதி, போட்டோ எடுத்து, பட்டா காட்டி வர்றதுக்குள்ள அடுத்த விதைப்பு வந்துடும். குத்தகை நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம். அந்தத் தீவுல மூஸுக்கும் ஓநாய்க்கும் நடுவுல விவசாயி யாரும் இல்லை. இங்க இருக்கோம். யானை மேல எங்களுக்கு வெறுப்பு இல்லை, பெரியசாமின்னு கும்பிடுறவங்க நாங்க. எங்களையும் கணக்குல வெச்சுப் பேசுங்க.

தளி மழை

தங்கச்சி, நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் நியாயம். உங்களை விட்டுட்டு வழித்தடம்னு ஒண்ணு காப்பாத்த முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் திருட்டு மின்வேலியில் மூணு யானை செத்து, ரெண்டு குட்டி அநாதையா நின்னதை நாம எல்லாரும் பார்த்தோம். அந்த நிலைமைக்கு ஒரு விவசாயி போறாருன்னா அதுக்கு முன்னாடி எத்தனையோ ராத்திரி கண்முழிச்சிருப்பார். அது குத்தம்தான், அதே சமயம் அந்தக் கண்முழிப்பும் நிஜம்.

இரும்புக் கம்பிவட வேலி போட்ட இடங்களில் என்ன மாற்றம்னு உங்க ஊர்ப் பக்கம் பார்த்தீங்களா?

அஞ்செட்டி மண்

கம்பிவடம் போட்ட இடத்துல நல்லாத்தான் இருக்கு. அகழி மண் சரிஞ்சு மூடிக்கும், சோலார் வேலி மேல மரத்தைத் தள்ளிட்டு யானை வந்துடும், இது அப்படி இல்லை. ஆனா வேலி முடியுற இடத்துல இருக்கிற ஊருக்குத் தான் மொத்தக் கூட்டமும் திரும்புது. போட்டா தொடர்ச்சியாப் போடணும், யானை போக வேண்டிய வழியை விட்டுட்டுப் போடணும். எங்க ஊர்ப் பெரியவங்களைக் கேட்டா எந்தப் பள்ளத்துல இறங்கும், எந்த ஏரியில தண்ணி குடிக்கும்னு வழி வழியாச் சொல்லுவாங்க. வேலி போட வர்றவங்க அவங்களைக் கேட்டுட்டுப் போட்டா பாதிப் பிரச்சனை தீரும்.

இன்னொண்ணு. காட்டுக்குள்ள குட்டை வத்துனா தான் அதுங்க சீக்கிரம் கீழே இறங்குது. தொட்டி கட்டி போர் தண்ணி விடுறாங்க, நல்லது. பழைய குட்டைகளைத் தூர் எடுத்தா இன்னும் நல்லது.

ஏரிக்கரை

அஞ்செட்டித் தங்கை கடைசியில் சொன்னதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். நான் கரை, மதகு பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். யானை நடக்கும் வழியும் ஏரிச் சங்கிலியும் பல இடங்களில் ஒன்றாகவே போகின்றன, ஏனென்றால் இரண்டும் பள்ளத்தைப் பிடித்தே போகும். ஓடையை அடைத்து வீட்டுமனை போட்டால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வராது, அந்த வழியில் யானையும் போகாது, ஊருக்குள் புகும். வருவாய்த்துறைப் புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். சானமாவைச் சுற்றிய கிராமங்களின் படங்களை எடுத்து, பெரியவர்கள் சொல்லும் யானை வழியை அதன்மேல் வரைந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தளி மழை, உங்கள் நண்பர்கள் வழியைக் காட்டினால் படங்களை நான் சேகரிக்கிறேன்.

தளி மழை

கட்டாயம் ஐயா. தனி மடலில் எழுதுறேன். அஞ்செட்டித் தங்கச்சி, உங்க அப்பாவையும் ஊர்ப் பெரியவங்களையும் பார்க்க வரலாமா? அறுவடை முடிஞ்சு, அவங்களுக்கு ஓய்வா இருக்கிற நேரம் சொல்லுங்க.

அஞ்செட்டி மண்

தை பொறந்ததும் வாங்க அண்ணா. அப்பா விடியற வரைக்கும் பேசுவார்.

தீர்த்தமலை

டீச்சர், உங்க பதிலை ரெண்டு நாளா யோசிச்சேன். ஓநாயைக் கொண்டுவந்து விட்டதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. முப்பது நாற்பது வருஷம் கழிச்சு மறுபடி ரத்த உறவு நெருங்கும், மறுபடி கொண்டுவரணும், இது முடியாத வேலை. ஆனா இங்கே வழி திறந்தே இருந்தா அந்த வேலையே வராது. லாரியில் ஏத்தி யானையை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோற காலம் நமக்கு வரக்கூடாது. அந்தப் படம் வரையுற வேலைக்கு அரூர்ப் பக்கமிருந்து நானும் வர்றேன்.

வாணியாறு

நான் கேட்டது ஒரு பயண விவரம், இங்கே வந்து சேர்ந்திருக்கிறது எங்கேயோ. எல்லோருக்கும் நன்றி. கிராண்ட் போர்ட்டேஜ் வழியா வாயேஜர் படகில் போறதுன்னு முடிவு பண்ணிட்டோம். முதல்ல ராக் ஹார்பரில் இறங்கி சூளகிரி அண்ணா சொன்ன ரிச்சி ஏரி வழி, அப்புறம் அடுத்த படகில் மாலோன் பே போய்த் தங்கி சிஸ்கிவிட்டைப் பார்த்துட்டுத் திரும்புறோம். சாப்பாட்டுக்கு ராகி மாவும் வறுத்த கடலையும் எடுத்துக்கிறோம். டீச்சர், பாதையில் மூஸ் எலும்பு கிடந்தா என்ன செய்யணும்?

விலங்கியல் ஆசிரியை

தொடாதீர்கள், எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து ரேஞ்சரிடம் சொல்லுங்கள். அந்த ஆய்வில் எலும்புக்கு ஓநாய்க் கணக்குக்குச் சமமான மதிப்பு உண்டு. பல்லை அறுத்துப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள், இடுப்பு மூட்டைப் பார்த்து மூட்டுவாதம் இருந்ததா என்று சொல்கிறார்கள். ஓநாய் பெரும்பாலும் கிழட்டையும் நோய்ப்பட்டதையும் குட்டியையும்தான் பிடிக்கிறது என்று தெரிந்தது அந்த எலும்புகளிலிருந்து. கோடைதோறும் பொதுமக்களில் ஆர்வமுள்ளவர்களும் குழுவாகச் சேர்ந்து பாதையை விட்டுக் காட்டுக்குள் நடந்து எலும்பு தேடித் தருகிறார்கள். நடை பழகியதும் ஓர் ஆண்டு அதில் சேர முயலுங்கள்.

சூளகிரியான்

வாயேஜர் படகுக்கு இப்பவே டிக்கெட் போட்டுடுங்க தம்பி, ஆகஸ்ட் சீக்கிரம் நிறைஞ்சுடும். காற்று அடிச்சா படகு ஒரு நாள் தள்ளிப் போகும், அதனால ஒரு நாள் சாப்பாடு கூடுதலா வைங்க. கிராண்ட் போர்ட்டேஜ் கடிகாரத்துக்கும் தீவுக் கடிகாரத்துக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் உண்டு, திரும்பும்போது படகு நேரத்தை எந்தக் கடிகாரப்படி சொல்றாங்கன்னு கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க.